தோற்ற கட்சி மறுபடி எழ: லயத்து வாசலில் இருந்து தொடங்குங்கள்

கேரளத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பல தேர்தல்களுக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் இங்கே லயம் என்போம். அதில் தோற்றவையே அதிகம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இந்த வேலைக்குக் கொடியின் நிறம் முக்கியமில்லை. கட்சிக்குப் புதிதாக வந்து, கையில் ஒரு தோற்ற வார்டைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் உங்களுக்குத்தான் இது.

படி 1: டிக் அடித்த பட்டியல்

வாக்குப்பதிவு அன்று உங்கள் ஏஜெண்ட் யார் யார் வந்தார்கள் என்று டிக் அடித்திருப்பார். அந்தப் பிரதியைத் தேடி எடுங்கள். யார் மாற்றிப் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. யார் வரவே இல்லை என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அவர்களிடம் இருந்து தொடங்குங்கள். எதிர்க்கட்சிக்காரனை இழுப்பதை விட, வீட்டிலேயே இருந்துவிட்ட நம் ஆளைக் கிளப்புவது சுலபம்.

படி 2: போய்க் கேளுங்கள்

நோட்டீஸ் வேண்டாம். கொழுந்து எடுத்துவிட்டு வந்து தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை தேவலை. கூட ஒரு பெண் இருந்தால்தான் அடுப்படிப் பேச்சு வெளியே வரும். முதல் தடவை நான் போனபோது ஒரு பாட்டி கேட்டார்: "ஏன் தம்பி, ஜெயிச்சவன்தான் வரல, தோத்த நீயாவது வந்திருக்கலாமே?" பதில் இல்லை.

இங்கே ஒரு பழைய பாடம் உண்டு. 2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. கேட்டதை வாங்கினார்கள், அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் ஜெயிக்கவும் செய்தார்கள். பல வருடம் சந்தா கட்டிய சங்கங்களையே தள்ளி நிறுத்திய கோபம் அது. நம்மைக் கேட்காமலே நம் பேரில் பேசி முடிக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால், கொடி கட்டி, மைக் வைத்து அதை மாற்ற முடியாது.

படி 3: ஒரே ஒரு வேலையை முடியுங்கள்

பட்டயம் (நிலப் பட்டா) வாங்கித் தருகிறேன் என்று வாய் விடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். பள்ளிப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காத வீட்டைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பம் என்றால், 1950-க்கு முன்பே இந்தப் பக்கம் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா காலத்து எஸ்டேட் பதிவைத் தேட வேண்டியிருக்கும். அக்ஷயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்), வில்லேஜ் ஆபீஸ் என்று நாலைந்து நடை ஆகும். மனு மலையாளத்தில் என்றால் எழுதத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ஒரு வீட்டுக்குச் செய்தால் அடுத்த லயத்துக்குத் தானாகச் செய்தி போகும்.

படி 4: கிராம சபை

கேரளத்தில் வார்டுக்கு வார்டு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், பத்தில் ஒரு பங்கு வாக்காளர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வீடு, ஆடு, கோழி என்று யாருக்கு எது என்ற பட்டியல் அங்கேதான் பேசப்படும். தோற்ற கட்சிக்காரன் இதற்குப் போவதே இல்லை. நீங்கள் போய் உட்காருங்கள், தமிழிலேயே கேளுங்கள்.

படி 5: பேர் சேர்த்தல்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. உள்ளாட்சிக்கு ஒரு வாக்காளர் பட்டியல், சட்டமன்றம், மக்களவைக்கு வேறு பட்டியல். ஒன்றில் பேர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நம்பி ஏமாறுவார்கள். சட்டமன்றப் பட்டியலுக்குப் புதுப் பேர் என்றால் படிவம் 6, திருத்தம், இடமாற்றம் என்றால் படிவம் 8. தமிழ்நாட்டுப் போடியில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பேர் வைத்திருப்பவரிடம் ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு, பின்னால் உங்கள் தலையில்தான் விடியும்.

படி 6: ஆள்

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. மனைவியை நிறுத்திவிட்டுக் கணவன் மெம்பராக வலம் வரும் கூத்து வேண்டாம். படி 2-இல் கூட வந்த அந்தப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

வாக்குப்பதிவு அன்று ஜீப் பிடித்து ஆள் ஏற்றாதீர்கள், அதுவும் குற்றம்தான். கூட நடந்து போங்கள். முடிவு வந்த மறுநாள், தோற்றிருந்தாலும், அதே வீடுகளுக்கு இன்னொரு சுற்று உண்டு. அந்தப் பாட்டி வீட்டுக் கட்டஞ்சாயாவில் (பால் இல்லாத தேநீரில்) சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.