ஐடி கார்டில் வெள்ளைக் கோடா? ஹெட்டை மாற்றும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

கலர் ஐடி கார்டு பிரிண்டரில் விலை அதிகமான உதிரி பாகம் பிரிண்ட் ஹெட்தான், அதாவது ரிப்பனைச் சூடாக்கி நிறத்தைப் பதிக்கும் பாகம். கார்டில் ஒரு கோடோ புள்ளியோ விழுந்தவுடன் "ஹெட் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் திறந்து பார்த்த பிரிண்டர்களில் பெரும்பாலும் ஹெட் நன்றாகவே இருந்தது. தூசி, பிசுக்கு, சரியாக உட்காராத ரிப்பன், இவைதான் காரணமாக இருந்தன. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன், கெட்டுப்போன கார்டைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். எந்தப் பாகத்தில் கோளாறு என்பதைக் கார்டே காட்டிக்கொடுக்கும்.

ரிப்பன் நேராகக் கார்டின் மேல் பதியும் வகை பிரிண்டருக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஃபிலிமில் அச்சிட்டு, பிறகு அதைக் கார்டில் ஒட்டும் ரீடிரான்ஸ்பர் வகைக்கும் சுத்தம் செய்யும் பகுதி பொருந்தும், மற்றவை முழுதாகப் பொருந்தாது. டிரைவர் நிறுவுவது, ரிப்பன் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சியான், கருப்பு, மேலே நிறமில்லாத பாதுகாப்புப் படலம் என்று ஐந்து பேனல்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒருமுறை கார்டு ஹெட்டுக்கு அடியில் போய்த் திரும்பும். முதல் மூன்று நிறங்களும் சூட்டில் ஆவியாகிக் கார்டின் பிவிசி பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவும் சாயங்கள். கருப்பு மட்டும் ரெசின் (பிசின் போன்ற பொருள்), அது உருகி மேலே ஒட்டும். கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 1: கார்டைப் படியுங்கள்

கார்டின் நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முடி போல மெல்லிய வெள்ளைக் கோடு, அதுவும் எல்லாக் கார்டிலும் அதே இடத்தில் விழுகிறதா? அப்படியானால்தான் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஹெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 சூடேற்றும் புள்ளிகள் ஒரே வரிசையில் இருக்கும். அதில் ஒன்று செத்துப்போனால் அந்த இடத்தில் மட்டும் சூடு இல்லை. கார்டு நகர நகர அது கோடாகிவிடும். ஆனால் அந்தப் புள்ளியின் மேல் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் இதே கோடுதான் வரும். என் அனுபவத்தில் பிசுக்குக் கோடு கொஞ்சம் அகலமாக, ஓரம் மங்கலாக இருக்கும். செத்த புள்ளியின் கோடு கத்தியால் கீறியது போலக் கூர்மையாக இருக்கும்.

கோடு சாய்வாகவோ வளைந்தோ, ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு இடத்திலோ வந்தால் ஹெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிப்பன் சுருங்குகிறது. ஓடிய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதே சாய்வில் சுருக்கம் தெரியும்.

சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் தூசி. புள்ளியின் நிறத்தைக் கவனியுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முழு வெள்ளையாக இருந்தால் தூசி முதலிலிருந்து கடைசி வரை கார்டில் ஒட்டியே இருந்திருக்கிறது. நீலம் கலந்த புள்ளி என்றால் மஞ்சள் பதியும்போது மட்டும் இருந்துவிட்டு, பிறகு எங்கோ விழுந்துவிட்டது. பச்சைப் புள்ளி என்றால் மெஜந்தா பதியவில்லை. சிவப்பு என்றால் சியான் பதியவில்லை. நிறப் புள்ளிகள் நிறைய வந்தால், தூசி கார்டுக் கட்டோடு மட்டும் வரவில்லை, பிரிண்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே குறை கார்டின் நீளத்தில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு ரோலரில் அழுக்கோ பள்ளமோ இருக்கிறது. அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து 3.14ஆல் வகுத்தால் ரோலரின் விட்டம் கிடைக்கும். உள்ளே இருக்கும் ரோலர்களில் எது அந்த அளவு என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

கார்டின் பாதி வரை ஒரு நிறம், மீதிப் பாதி வேறு நிறம் என்று பேனல் எல்லையே தெரிகிறதா? ரிப்பன் சென்சார் மஞ்சளின் தொடக்கத்தைத் தவறவிட்டிருக்கிறது. சென்சாரைத் துடைத்துவிட்டு, டிரைவரில் ரிப்பன் அளவுத்திருத்தம் (கேலிப்ரேஷன்) இருந்தால் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை. அதே வடிவமைப்பை 180 டிகிரி திருப்பி இன்னொரு கார்டு அடியுங்கள். படத்தோடு சேர்ந்து கோடும் இடம் மாறினால் கோளாறு உங்கள் கோப்பில். கார்டில் இருந்த இடத்திலேயே கோடு நின்றால் பிரிண்டரில்.

படி 2: சுத்தம் செய்வது

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஹெட் ஆறும் வரை பொறுங்கள். ரிப்பனைக் கழற்றி, தூசி படாத இடத்தில் வையுங்கள்.

முதலில் ஒட்டும் ரோலர். கார்டு உள்ளே நுழைந்ததும் அதன் மேல் உள்ள தூசியை இழுத்துக்கொள்வது இதுதான். சில மாடல்களில் மேலே உள்ள உறையை உரித்துப் போடலாம், சிலவற்றில் ரிப்பனோடு வரும் புது ரோலரை மாட்ட வேண்டும், சிலவற்றில் ஆல்கஹால் துணியால் துடைத்தாலே போதும். எதுவானாலும் ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். புது ரிப்பன் பெட்டியில் ரோலரோ உறையோ வைத்து அனுப்புவதே இதற்காகத்தான், ஆனால் அது பெட்டியோடு குப்பைக்குப் போவதை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்து ஹெட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியோ கிளீனிங் பேனாவோ எடுத்து, ஹெட்டின் விளிம்பில் ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கு திரும்ப அங்கேயே போய் உட்காரும். நகம், பிளேடு, பேனாமுனை எதுவும் படக் கூடாது. மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். விரலும் படக் கூடாது, தோலின் எண்ணெயும் உப்பும் ஹெட்டுக்கு ஆகாது.

ஆல்கஹால் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 99 சதவீதம் உள்ளதையே வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். கை கழுவும் சானிடைசரில் ஜெல்லும் வாசனைப் பொருளும் இருக்கும், அது படலமாக ஒட்டிக்கொள்ளும். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும்.

கடைசியாகக் கிளீனிங் கார்டு. மின் இணைப்பைத் திரும்பக் கொடுத்து, தட்டிலிருந்து கார்டுகளை எடுத்துவிட்டு, டிரைவர் மெனுவிலோ பிரிண்டரின் பொத்தானிலோ சுத்திகரிப்பைத் தொடங்குங்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒட்டும் கார்டு தூசியை எடுக்கும், ஆல்கஹால் தோய்ந்த கார்டு ரோலரின் பிசுக்கை எடுக்கும். இரண்டும் இருந்தால் ஒட்டும் கார்டை முதலில் ஓட்டுவேன், ஏனென்றால் தூசி மேல் ஈரம் பட்டால் சேறாகிவிடும். உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். ஓட்டிய கார்டையே திரும்ப ஓட்டிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் சில நிமிடம் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே ரிப்பனை மாட்டினால் ஆல்கஹால் சாயத்தைக் கரைத்துவிடும், முதல் கார்டே திட்டுத்திட்டாக வரும்.

படி 3: அறுந்த ரிப்பனை ஒட்டுவது

ரிப்பன் அறுந்தால் முழு ரோலையும் தூக்கிப் போடத் தேவையில்லை. அறுந்த முனையை நேராக வெட்டி, சுற்றும் பக்க உருளையில் சாதாரண டேப்பால் ஒட்டி, பயன்படுத்திய பகுதி முழுவதும் அந்தப் பக்கம் போகும் வரை கையால் சுற்றுங்கள். டேப் எந்தக் காரணத்துக்காகவும் ஹெட்டுக்கு அடியில் வரக் கூடாது. பிரிண்டரை இயக்கியதும் அடுத்த மஞ்சளை அதுவே தேடிக்கொள்ளும்.

கவனம் வேண்டியது ஒட்டும் கோணத்தில். துளி சாய்ந்தாலும் ரிப்பனின் ஒரு ஓரம் இழுபட்டு மறு ஓரம் தொளதொளவென்று நிற்கும். முதலில் சொன்ன சாய்வுக் கோடுகள் அடுத்த கார்டிலேயே வந்துவிடும். இரண்டு ஓரமும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைச் சாத்துங்கள்.

திரும்பத் திரும்ப அறுந்தால் ஒட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஓரம் வரை அடர்த்தியான நிறம் உள்ள வடிவமைப்பா என்று பாருங்கள். அதிகச் சூட்டில் ரிப்பன் கார்டோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டு அறுகிறது. டிரைவரில் ஹெட் சூட்டை ஒரு படி குறையுங்கள்.

படி 4: ஹெட்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால்

சுத்தம் செய்த பிறகும் அதே இடத்தில் அதே கோடு என்றால் புள்ளி செத்துவிட்டது, அதைச் சரிசெய்ய வழியில்லை. கழற்றி மாட்டுவது சுலபம்தான். மின் இணைப்பைப் பிடுங்குங்கள், உடலில் உள்ள நிலைமின்சாரம் போக ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், பழைய ஹெட்டை எடுத்துவிட்டு வயர் கனெக்டரைச் சாய்க்காமல் நேராக இழுங்கள், புதியதை அதே போல நேராகச் செருகுங்கள். பின் ஒன்று வளைந்தாலும் புது ஹெட் வீணாகும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதற்குப் பிறகு வரும் வேலை. புது ஹெட் மாட்டிய ஒரு பிரிண்டரில் கோடு போய்விட்டது, ஆனால் முகங்கள் எல்லாம் வெளுத்து வந்தன. நிற அமைப்பை எப்படி மாற்றினாலும் சரியாகவில்லை. காரணம் ஹெட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் இருந்தது. தயாரிக்கும்போதே ஒவ்வொரு ஹெட்டின் மின்தடையும் கொஞ்சம் மாறும். எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்க வேண்டும் என்று பிரிண்டர் கணக்கிடுவது அந்த லேபிளில் உள்ள தடை எண்ணை வைத்துத்தான். பழைய ஹெட்டின் எண்ணே நினைவகத்தில் இருந்தால் கணக்கு தப்பும். உள்ளே இருக்கும் எண் உண்மையான தடையைவிடக் குறைவாக இருந்தால் சூடு போதாமல் படம் வெளுக்கும். அதிகமாக இருந்தால் சூடு கூடி ரிப்பன் அறுந்துகொண்டே இருக்கும், புது ஹெட்டின் ஆயுளும் குறையும்.

ஃபார்கோ பிரிண்டர்களில் மின்தடை மதிப்பையே கேட்பார்கள். இவோலிஸில் ஹெட்டோடு வரும் கிட் எண்ணைக் கேட்பார்கள். பெயர் எதுவானாலும், ஹெட்டை உள்ளே மாட்டுவதற்கு முன் லேபிளை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாத பக்கம் திரும்பிக்கொள்ளும். எண்ணைப் பிரிண்டரில் பதிந்து, ஒரு சோதனைக் கார்டு அடித்து, அதன் பிறகு மட்டும் நிறத்தைத் தொடுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

இரண்டு கார்டு சேர்ந்து உள்ளே போகிறது, அல்லது ஒன்றும் போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிவிசி கார்டுகள் நிலைமின்சாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டின் ஓரத்தைப் பிடித்துச் சீட்டுக்கட்டு போல விரித்துவிட்டுத் தட்டில் வையுங்கள், கார்டின் முகத்தைத் தொடாதீர்கள். தட்டில் தடிமன் நெம்புகோல் இருந்தால் அதையும் பாருங்கள். வழக்கமான ஐடி கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மெல்லிய கார்டு போட்டுவிட்டு நெம்புகோலை அங்கேயே விட்டால் இரண்டிரண்டாகத்தான் போகும்.

பார்கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஸ்கேனர் படிக்கவில்லை என்பது இன்னொரு கேள்வி. பிரிண்டரில் கோளாறு இல்லை. உங்கள் கருப்பு, ரெசின் பேனலிலிருந்து வராமல் மூன்று சாயங்களும் கலந்த கருப்பாக வந்திருக்கிறது. அதன் ஓரம் மங்கும், இன்ஃப்ராரெட் ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அது தெரியவே தெரியாது. முழு வடிவமைப்பையும் ஒரே ஜேபெக் படமாக்கி அனுப்பினால் இப்படித்தான் ஆகும், சுருக்கும்போது சுத்தக் கருப்பு மாறிவிடுகிறது. எழுத்தையும் பார்கோடையும் படமாக்காமல் தனியாக வைத்து, சுத்தக் கருப்பு நிறம் கொடுத்து, டிரைவரில் கருப்புக்கு ரெசின் பேனலைத் தேர்ந்தெடுங்கள்.

சிப் உள்ள கார்டில் சிப்பின் மேல் அச்சு போகாதபடி அந்த இடத்தை வடிவமைப்பில் வெறுமையாக விட்டு, டிரைவரிலும் அச்சிடாத பகுதியாகக் குறித்துவிடுங்கள். மேலே பூசும் பாதுகாப்புப் படலத்துக்கும் சேர்த்துக் குறிக்க வேண்டும், பலர் விடுவது அதைத்தான். சிப்பின் மேடு பள்ளத்தில் உரசியே நல்ல ஹெட்டுகள் போகின்றன.

ஓடி முடிந்த ரிப்பனை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. அச்சிட்ட ஒவ்வொருவரின் படமும் நிறப் பேனல்களில் நெகட்டிவாக அப்படியே இருக்கும். கருப்புப் பேனலை வெளிச்சத்தில் பிடித்தால் பெயரும் எண்ணும் வாசிக்கலாம். அறுந்து வெட்டிய துண்டுகளும் இதில் சேர்த்திதான். உருளையிலிருந்து உருவி, குறுக்கு வெட்டு ஷ்ரெடரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாக விட்டால் பற்களில் சுற்றிக்கொள்ளும். ஷ்ரெடர் இல்லையென்றால் ரோலைக் குறுக்காகப் பல துண்டுகளாகக் கத்திரித்து, துண்டுகளைக் கலந்து போடுங்கள்.