ஏஎம் டீமாடுலேஷன்: ஃபில்டரிடம் எதைக் கேட்கக் கூடாது?

ஏஎம் வானொலியில் பேச்சு, கேரியர் என்ற உயர் அதிர்வெண் அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிப் பயணிக்கிறது; பேச்சை அதிலிருந்து மீட்பதுதான் டீமாடுலேஷன். அந்தச் சிக்னலை லோ-பாஸ் ஃபில்டருக்குள் (குறைந்த அதிர்வெண்களை மட்டும் விடுவது) விட்டால் கேரியர் கழிந்து பேச்சு மட்டும் மிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். லேப் ரெக்கார்டிலும் வைவாவிலும் அடிக்கடி வரும் பதில் இது, முழுத் தவறு. சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று ஏறிப்போனால் ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது 717, 720, 723 என்ற மூன்று அலைகள்தான். 3 கிலோ ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் எதுவுமே கிடையாது. 5 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டும் ஃபில்டரை முதலில் வைத்தால் மூன்று அலைகளும் வெளியிலேயே நின்றுவிடும், ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது.

அந்த 3 கிலோ ஹெர்ட்ஸை மறுபடி உண்டாக்குவது டையோடு, அல்லது மல்டிப்ளையர் (சிக்னலை ரிசீவரிலேயே உண்டாக்கிய உள்ளூர் கேரியரால் பெருக்குவது). உண்டானவற்றில் வேண்டியதைப் பிரித்தெடுப்பது மட்டுமே ஃபில்டரின் வேலை. இது பிடிபட்டால் மற்ற தவறுகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

அதிகம் சறுக்குவது டையோடு டிடெக்டரின் ஆர்சி மதிப்பில்தான். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பார்த்ததும் அதைச் சாதாரண லோ-பாஸ் ஃபில்டராக நினைத்து, கட்-ஆஃப் மட்டும் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் கெப்பாசிட்டர் டையோடு வழியாக வேகமாக நிரம்புகிறது, ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடிகிறது. ஏற்றத்துக்கு ஒரு வேகம், இறக்கத்துக்கு வேறு வேகம். என்வலப் (அலையின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோடு, ஒலியின் வடிவம் அதில்தான் இருக்கிறது) இறங்கும் வேகத்துக்கு அந்த வடிதல் ஈடுகொடுக்க வேண்டும்.

10 கிலோ ஓமுடன் 103 என்று அச்சிட்ட (அதாவது 10 நானோ ஃபாரட்) டிஸ்க் கெப்பாசிட்டரைப் போட்டால், இரண்டின் பெருக்கலான டைம் கான்ஸ்டன்ட் 100 மைக்ரோ செகண்ட். அது எவ்வளவு வரை போகலாம்? மாடுலேஷன் இண்டெக்ஸின் (கேரியரின் உயரத்தை ஒலி எந்த விகிதத்தில் ஏற்றி இறக்குகிறது என்பது) வர்க்கத்தை 1-இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுங்கள். இண்டெக்ஸ், 6.28, ஒலியின் உச்ச அதிர்வெண் மூன்றையும் பெருக்கி, அதனால் வகுங்கள். இண்டெக்ஸ் 0.7, ஒலி 4.5 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 36 மைக்ரோ செகண்ட் வரும். நம் 103 அதைப் போல மூன்று மடங்குக்குக் கிட்டத்தட்ட நிற்கிறது. ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: என்வலப் வளைந்து இறங்க வேண்டிய இடத்தில் நேர்கோடு ஒன்று சரிவாக ஓடும். இதை ட்ரெபிள் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. குரல் கரகரக்கும். 2 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி சிதைந்தால் அதன் ஹார்மானிக் 4 கிலோ ஹெர்ட்ஸில், பேச்சின் நடுவிலேயே வந்து உட்காரும். பின்னால் எத்தனை ஃபில்டர் வைத்தாலும் அது போகாது. 222 கெப்பாசிட்டர் போட்டால் 22 மைக்ரோ செகண்ட். ரிசீவருக்குள் கேரியர் மாற்றப்படும் 455 கிலோ ஹெர்ட்ஸ் ஐஎஃப் அலையின் ஒரு சுற்று 2.2 மைக்ரோ செகண்ட்தான் என்பதால் ரிப்பிளும் (ஒலியின் மேல் மிஞ்சும் கேரியர் நெளிவு) கட்டுக்குள் இருக்கும். பயந்துபோய் 101 வரை இறங்கினால் 1 மைக்ரோ செகண்ட் ஆகி, ரிப்பிள் முழுதாக அடுத்த ஸ்டேஜுக்குப் போய்விடும்.

என்வலப்பில் கேரியரின் டிசி (மாறாத வோல்டேஜ்) சேர்ந்தே வரும். அதைத் தடுக்கக் கப்ளிங் கெப்பாசிட்டர் எல்லோரும் வைக்கிறார்கள், அதற்கு அப்பால் இருக்கும் லோடைத்தான் மறந்துவிடுகிறார்கள். டிடெக்டர் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், அடுத்த ஸ்டேஜின் இன்புட்டும் 10 கிலோ ஓம் என்றால், இரண்டும் பேரலலாகச் சேர்ந்து ஒலிக்குத் தெரியும் லோடு 5 கிலோ ஓம்தான். மாடுலேஷன் 50 சதவீதத்தைத் தாண்டியதும் என்வலப்பின் பள்ளங்கள் வெட்டுப்படும். அடுத்த ஸ்டேஜை 100 கிலோ ஓம் ஆக்கினால் வரம்பு 90 சதவீதம் வரை உயரும். பாடப்புத்தகப் படங்களில் இந்த லோடைக் காட்டாமல் விடுவது பெரிய குறை என்பேன்.

டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் பேண்ட்-பாஸ் ஃபில்டரில் தவறு சின்னது, ஆனால் வழக்கமானது: 4.5 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்கு 4.5 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் போதும் என்று நினைப்பது. சைடுபேண்டு (முன்பு பார்த்த 717, 723 போன்றவை) கேரியரின் இரண்டு பக்கமும் இருக்கிறது, 9 வேண்டும்.

மல்டிப்ளையர் முறையில் உள்ளூர் கேரியரின் ஃபேஸ் பிசகினால், பிசகிய கோணத்தின் கொசைன் அளவுக்கு ஒலி குறையும். 90 டிகிரியில் ஒன்றுமே வராது. அப்போது ஃபில்டரின் ஆர்டரை ஏற்றிக்கொண்டே போவது வீண் வேலை. உள்ளூர் கேரியரை முதலில் வந்த சிக்னலின் ஃபேஸோடு லாக் செய்யுங்கள்.

இதையே மேட்லாப் மென்பொருளில் செய்பவர்கள் சாம்ப்ளிங்கைக் கவனிக்க வேண்டும். கேரியர் 10 கிலோ ஹெர்ட்ஸ், சாம்ப்ளிங் 25 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் நைக்விஸ்ட் விதிக்கு (சாம்ப்ளிங் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் வேண்டும்) சரிதான் என்று தோன்றும். பெருக்கியதும் 20 கிலோ ஹெர்ட்ஸில் புதிய பகுதி ஒன்று பிறக்கிறது. 25-இல் அது மடங்கி 5 கிலோ ஹெர்ட்ஸில் வந்து நிற்கும், செய்தியோடு கலந்தும் போகலாம். கலந்தபின் எந்த லோ-பாஸும் பிரித்துத் தராது. சாம்ப்ளிங்கை 100 கிலோ ஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பட்டர்வொர்த் ஃபில்டருக்குக் கட்-ஆஃபைக் கொடுக்கும்போது சாம்ப்ளிங் வீதத்தின் பாதியால் வகுக்க வேண்டும். முழுதால் வகுத்தால் நினைத்ததில் பாதியிலேயே வெட்டிவிடும்.

கடைசியில், மீட்ட ஒலியை மூல ஒலியோடு ஒப்பிட்டு, பெரிய பிழை வருகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். ஃபில்டரில் தாமதம் உண்டு. 100 ஆர்டர் கொண்ட, சமச்சீர் எஃப்ஐஆர் (ஒரு வகை டிஜிட்டல்) ஃபில்டர் 50 சாம்பிள் தள்ளித்தான் வெளிவிடும். கேரியரால் பெருக்கியதில் ஒலியின் அளவும் பாதியாகியிருக்கும். 50 சாம்பிள் நகர்த்தி, இரண்டால் பெருக்கி, டிசியைக் கழித்த பிறகு இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.