புது இயக்குநரைச் சேர்க்கும் முன்

நான் நுங்கம்பாக்கத்தில் கம்பெனி செக்ரட்டரி. புது இயக்குநரைச் சேர்க்க வேண்டும் என்று வருபவர்களிடம் முதலில் கேட்பது, "அவருக்கு டிஐஎன் இருக்கிறதா?" என்பதுதான். அந்த இயக்குநர் அடையாள எண் இல்லாமல் எதுவும் நகராது. அப்புறம் டிஐஆர்-2 படிவத்தில் சம்மதக் கையெழுத்து, தகுதியிழப்பு இல்லை என்பதற்கு டிஐஆர்-8. நியமித்த 30 நாளுக்குள், அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 தாக்கல். இதற்காகச் சாஸ்திரி பவனில் இருக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், எல்லாம் ஆன்லைன்தான்.

பணப் பேச்சை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். கூட்டத்தில் கலந்துகொள்வதற்காக இயக்குநருக்குத் தரும் அமர்வுக் கட்டணம் ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். அதில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்போம் என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் பிறகு முகம் சுளிப்பார்கள். கம்பெனியோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநருக்கு ஸ்டாக் ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை, கிடையாது.

என்னைக் கேட்டால், இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு முன் அனுப்பும் ஆவணக் கோப்புதான் பெரிய வேலை. கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்பே போக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். கோப்பையும் அதோடே அனுப்பிவிடுங்கள். ஒருமுறை முந்தின இரவு 11 மணிக்கு 200 பக்கம் அனுப்பினேன். ஓர் இயக்குநர் மறுநாள் காரில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் திறந்தாராம். கூட்டத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "காபி எப்போது வரும்?" இப்போதெல்லாம் முடிவெடுக்க வேண்டியவற்றை முதல் பக்கத்திலேயே ஐந்து வரியில் எழுதிவிடுகிறேன்.