புயல் செய்தியில் வேகத்தையும் பாருங்கள்

டிசம்பரில் புயல் அறிவிப்பு வந்தாலே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எல்லோரும் கேட்பது, எங்கே கரையைக் கடக்கும் என்றுதான். அதைவிட முக்கியம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது. 2023இல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் நம் கரையோரமாக மெதுவாக ஊர்ந்து போனதால் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அதனால் வானிலை மையத்தின் அறிவிப்பில் மணிக்கு 5, 6 கி.மீ. வேகம் என்று இருந்தால், மழை சீக்கிரம் விடாது என்று வைத்துக்கொண்டு பைக்கை மேட்டில் ஏற்றி, தரையில் கிடக்கும் அரிசி மூட்டை, பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பரணுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் காற்றின் திசை. புயல் நமக்குத் தெற்கே, மாமல்லபுரம் பக்கம் கடந்தால் காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி அடிக்கும். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நிற்கும்போது கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் லேசில் வடியாது. வடக்கே கடந்தால் பெரும்பாலும் நிலத்திலிருந்து வீசும்.

'மிக கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ., 'அதி கனமழை' அதற்கும் மேல். கடலோரத் தெருக்களில் இருப்பவர்கள் இன்காய்ஸ் (INCOIS) எனும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் தரும் அலை எச்சரிக்கையையும் சேர்த்தே பாருங்கள்.