பி.எஸ்சி. கணிதம்: கல்லூரிகளை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், என்னிடம் கணிதம் பயின்றவர்கள் கல்லூரிப் பட்டியலுடன் வந்து நிற்பார்கள். கட்டணம், விடுதி, கடைசித் தேதி ஆகியவற்றை என்னைவிட நன்றாகவே விசாரித்திருப்பார்கள். ஆனால் அந்த வயதில் நான் செய்த பிழைகளையே அவர்களும் பிசகாமல் செய்கிறார்கள்.

தரவரிசை

மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியல் கல்லூரி முழுவதற்கும் உரியது; அங்குள்ள கணிதத் துறையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பாடத்திட்டத்தை மட்டும் படிப்பது

இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்து அலகு அலகாக ஒப்பிட்டேன். மெய்ப் பகுப்பாய்வு, இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு என இரண்டிலும் ஒரே தலைப்புகள் இருந்ததால், வீட்டுக்கு அருகில் இருந்ததில் சேர்ந்தேன். அங்கே ஐந்தாண்டு வினாத்தாள்களைப் புரட்டினால் அடுத்த தேர்வின் வினாக்கள் தெரிந்துவிடும். எல்லாம் 'தேற்றத்தை எழுதி நிறுவுக' என்ற வகைதான். மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு சீரான தொடர்ச்சியுடையது (புள்ளிகள் எவ்வளவு நெருங்கினால் மதிப்புகள் நெருங்கும் என்பதற்கு இடைவெளி முழுவதற்கும் ஒரே அளவு போதும்) என்ற தேற்றத்தை ஒரு வரி விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

பிறகு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி செய்தபோது ஒரு வினா வந்தது: 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில் எக்ஸின் தலைகீழி, அத்தலைகீழியின் சைன், அந்தச் சைனை எக்ஸால் பெருக்கியது ஆகிய மூன்றில் எவை சீரான தொடர்ச்சியுடையவை? எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாவது மட்டும்தான், முனைகளில் உரிய மதிப்பைக் கொடுத்து மூடிய இடைவெளிக்கு நீட்டினால், நான் மனப்பாடம் செய்த அதே தேற்றம் அதை முடித்துவிடும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. ஐஐடிகள் நடத்தும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமின் கணிதத் தாளிலுள்ள 60 வினாக்களில் ஒன்றுகூட நிறுவலை எழுதச் சொல்வதில்லை.

ஆகவே சீனியர்களிடமோ நூலகத்திலோ மூன்று ஆண்டு செமஸ்டர் வினாத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். புத்தகத் தேற்றத்தை ஒப்பிக்கச் சொல்பவை எத்தனை, 'சரியா தவறா, காரணம் கூறுக' என்பவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத் தாள் ஒன்றுதான். தன்னாட்சிக் கல்லூரி தன் தாளைத் தானே அமைப்பதால், சான்றிதழில் அதே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் படிப்பு வேறாக இருக்கும்.

துணைப் பாடம்

பின்னர் இயற்பியலுக்கோ புள்ளியியலுக்கோ மாறும் எண்ணம் இருந்தால், கணிதத்துடன் எந்தத் துணைப் பாடம் கிடைக்கும் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

முடிவு வந்தபின் தேடத் தொடங்குவது

சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் தனக்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களுக்கு ஐஏடி, அதே போன்ற புவனேஸ்வரத்து நைசருக்கு நெஸ்ட் என்று தனித் தேர்வுகள் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலுடன் என்னிடம் வருபவர்களில் பலருக்கு இவற்றின் கடைசித் தேதி அதற்குள் கடந்திருக்கும். சிறுசேரி நிறுவனத்தின் பழைய தாள்கள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. விடையைக் காரணத்துடன் எழுதச் சொல்லும் பகுதியைப் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.