பதினான்காம் லூயியின் ஆட்சியை உப்பிலிருந்து படிப்பது எப்படி?

வரம்பற்ற முடியாட்சி என்றதும் பெரும்பாலோர் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால், அரசர் தம்மைப் பற்றிக் காட்ட விரும்பிய தோற்றம் மட்டுமே கண்ணில் படும். பிரான்சின் பதினான்காம் லூயி காலத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, ஒரு குடியானவர் வீட்டு உப்புப் பானையிலிருந்து மேல்நோக்கிச் செல்வதாகும்.

அதற்கு முன் சில ஆண்டுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். லூயி 1643-இல் நான்கு வயதில் அரசரானார். உயர்நீதிமன்றங்களும் பிரபுக்களும் அரசின் அதிகாரத்தை எதிர்த்து 1648 முதல் 1653 வரை நடத்திய ஃப்ராந்து கலகத்தின்போது, அந்தச் சிறுவரை இரவோடு இரவாகப் பாரிசிலிருந்து வெளியே கொண்டுபோக நேர்ந்தது. 1661-இல் முதன்மை அமைச்சர் மசாரின் இறந்தபின், இனி அப்பதவிக்கு எவரும் வேண்டாம் என்று முடிவு செய்து 1715-இல் தாம் இறக்கும் வரை நேரடியாக ஆண்டார். “நானே அரசு” என்று அவர் சொன்னதற்கு நம்பத்தக்க சான்று இல்லாததால், அந்த வாக்கியத்தைக் கொண்டு எதையும் நிறுவ முயல வேண்டாம்.

இப்போது உப்புக்கு வருவோம். கபெல் எனப்பட்ட உப்பு வரி நாடெங்கும் ஒரே அளவில் இல்லை. பாரிசைச் சூழ்ந்த வடக்கு, நடுப் பகுதிகளில் மிகக் கடுமையாகவும், பிரான்சின் வடமேற்கு மாகாணமான பிரித்தானியில் அறவே இல்லாமலும் இருந்தது. 1680-ஆம் ஆண்டு ஆணைப்படி, கடுமையான பகுதிகளில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து, கிடங்கு சொல்லும் விலைக்கே வாங்கியாக வேண்டும். அந்த உப்பைச் சமையலுக்கும் உணவு மேசைக்கும் மட்டுமே பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்கென்று பன்றி இறைச்சியை உப்பிட்டு வைக்க விரும்பும் குடும்பத்தலைவி அதற்குத் தனியாக உப்பு வாங்க வேண்டும், தவறினால் தண்டம். மலிவான பகுதிகளிலிருந்து உள்நாட்டு வரி எல்லையைத் தாண்டி உப்பைக் கடத்தியவர்கள் துடுப்புக் கப்பல்களில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் அரசாணை அடுப்பங்கரை வரை வந்து நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

அடுத்து, அந்தப் பணம் யார் கை வழியாகச் சென்றது என்று கேளுங்கள். அரசர் தாமே தண்டவில்லை. முன்பணம் கொடுத்த நிதியாளர்களிடம் வரியைக் குத்தகைக்கு விட்டார். நீதிமன்றப் பதவிகளும் விலைக்கு விற்கப்பட்டன. பிரபுக்களும் குருமார்களும் முதன்மையான நேரடி வரியிலிருந்து பெரிதும் விலக்குப் பெற்றிருந்தார்கள். எனவே ‘வரம்பற்ற’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேல்தட்டினருடன் பங்கிட்டுக்கொள்ளப்பட்ட அதிகாரம் அது என்பதும், அந்த உடன்பாட்டுக்கான விலையைக் குடியானவர்களே கொடுத்தார்கள் என்பதும் என் உறுதியான கருத்து. 1682-இல் அரசவை வெர்சாய்க்கு நிலையாகக் குடிபெயர்ந்த பின், அரசர் உறங்கச் செல்லும்போது மெழுகுவர்த்தித் தண்டைப் பிடிக்கும் வாய்ப்பைப் பெருங்குடிப் பிரபுக்கள் பெரும்பேறாகக் கருதியதையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். அரசர் அளிக்கும் மானியத் தொகையும் பதவியும் அந்த அறையைச் சுற்றித்தான் கிடைத்தன.

எதிர்ப்பையும் விட்டுவிடாதீர்கள். 1675-இல் முத்திரைத்தாள் வரியை எதிர்த்துப் பிரித்தானி கிளர்ந்தெழுந்தது. படைகள் வந்தன, ரென் நகரின் உயர்நீதிமன்றம் வான் நகருக்கு மாற்றப்பட்டு 1690 வரை திரும்பவில்லை. சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு (புராட்டஸ்டண்டுகளுக்கு) வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்த் ஆணை 1685-இல் நீக்கப்பட்டபோது, தங்கள் வழிபாட்டை இழந்த சீர்திருத்தக் கிறித்தவர்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர், நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்ற தடையை மீறி ஆலந்து, இங்கிலாந்து, ஜெர்மானிய அரசான பிராண்டன்பர்க் ஆகிய இடங்களுக்குச் சென்றார்கள். நெசவு, கடிகாரத் தொழில் போன்ற கைத்திறன்களும் அவர்களுடன் போயின. நிதியமைச்சர் கோல்பேர் 1664-இல் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவி (அதன் வழியாகத்தான் புதுச்சேரி பிரெஞ்சுத் தளமாயிற்று) வணிகத்தை வளர்க்கப் பாடுபட்ட அதே ஆட்சிதான் இத்தனை கைவினைஞர்களையும் இழந்தது.

இறுதியாக ஓர் ஊரின் தேவாலயப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 1667-ஆம் ஆண்டு அரசாணை இவற்றை இரண்டு படிகளாக எழுதச் சொன்னதால் பல ஊர்களின் பதிவேடுகள் தப்பிப் பிழைத்துள்ளன. பிரான்சின் மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பலவும் அவற்றை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. விளைச்சல் பொய்த்து, போரும் நடந்துகொண்டிருந்த 1693, 1694 ஆண்டுகளில் நாடெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டுகளின் பக்கங்களில் அடக்கங்களை மாத வாரியாக எண்ணிக் குறித்துக்கொண்டு, பக்கத்திலேயே ஞானஸ்நானங்களையும் எண்ணுங்கள். இறந்தவர்களின் வயது எழுதப்பட்டிருந்தால், அவர்களில் எத்தனை பேர் உப்புக் கணக்கில் இன்னும் சேராத, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்பதையும் தனியே குறியுங்கள்.