புகையிலைக்குள் வெங்காயம்: உரக் கணக்கு எங்கே தப்புகிறது

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் மெல்லும் புகையிலைத் தோட்டத்தில் சின்ன வெங்காயம் ஊடுபயிராகப் போவது நல்ல ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் புகையிலை நாற்றோடு வெங்காயத்தையும் ஊன்றினால், செடி இலை விரித்து வரப்பை மூடுவதற்குள், எழுபது நாள் வாக்கில் வெங்காயம் வெளியேறிவிடும். நடவுக் கூலியாவது அதில் கைக்கு வரும். கெடுவது பெரும்பாலும் உரத்தில்தான்.

வெங்காயத் தாள் லேசாக மஞ்சளித்ததும் யூரியாவை அள்ளி வீசுகிறோம். வீசியதில் வெங்காயம் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு புகையிலை வேருக்கும் போகும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை; புகையிலைக்கு என்று எடுத்துவைத்த மேலுரம் அப்படியே முழுசாக விழுகிறது. நுனி கிள்ளிய பிறகு பாருங்கள், பக்கச் சிம்பு ஒடிக்க ஒடிக்க வந்துகொண்டே இருக்கும். இலை கரும்பச்சையாக நிற்கும், பழுக்காது. முற்றிய இலை தடித்து, மேடுபள்ளமாகச் சுருங்கி, அங்கங்கே மஞ்சள் திட்டு விழுந்து, மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். தழைச்சத்து மிஞ்சிய இலை துணிபோல மடியும்; பதம் போடும்போதும் நிறம் வராது. நுனி கிள்ளும் சமயம் யூரியா மூட்டை வயலில் இருக்கவே கூடாது என்பேன்.

ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிடையே தழைச்சத்துதான். அந்த அளவைக் கழித்துக்கொள்ளாமல் பரிந்துரை அளவை முழுதாகப் போடுவது காசைக் கொட்டுவது. புகையிலைக் காளான் (பெயர்தான் காளான், புகையிலை வேரை உறிஞ்சி வளரும் ஒட்டுண்ணிக் களை) பூத்த தோட்டத்தில் மேய்ந்த மந்தையைக் கிடைக்குக் கூப்பிடவும் வேண்டாம். காளான் விதை தூசு மாதிரி இருக்கும், மண்ணில் பல வருஷம் சாகாது, புழுக்கையோடும் வந்து சேரும்.

அடுத்தது பொட்டாஷ். கடையில் சுலபமாகக் கிடைக்கிற மியூரேட் ஆப் பொட்டாஷில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. 17:17:17 கலப்பு உர மூட்டையில் இருக்கிற பொட்டாஷும் வழக்கமாக அதுதான். சிகரெட், சுருட்டு, பீடிப் புகையிலையில் குளோரைடு ஏறினால் இலை ஈரம் இழுக்கும், சரியாக எரியாது. அவற்றுக்கு சல்பேட் ஆப் பொட்டாஷ்தான். மெல்லும் புகையிலை உப்பைத் தாங்கும், அதனால்தான் உவர்க் கிணற்றை வைத்துக்கொண்டு இந்தப் பயிரைச் செய்கிறோம். ஆனால் வெங்காயம் தாங்காது. தண்ணீரே உப்பாக இருக்கும் கிணற்றில் மியூரேட்டையும் சேர்த்தால் தாள் நுனி கருகும். அதை நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய.

தக்காளி, கத்தரி, மிளகாயை ஊடுபயிராக நினைக்கவே வேண்டாம். புகையிலைக்கு இவை பங்காளிப் பயிர்கள். தேமல் வைரஸ், வேர்முடிச்சு நூற்புழு எல்லாம் பொது. தேமல் கையிலேயே ஒட்டிக்கொண்டு பரவும். புகையிலை மென்றவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நாற்றைத் தொடக் கூடாது. ஓரக்காலில் ஆமணக்கு நான்கைந்து இருந்தால் நல்லது. இலை தின்னும் புரோடீனியா புழுவின் தாய்ப்பூச்சி அந்த இலையில்தான் முதலில் முட்டை வைக்கும், கிள்ளி அழித்துவிடலாம்.

மருந்து அடிப்பதிலும் ஒரு அலட்சியம் இருக்கிறது. புகையிலைக்கு அடிப்பது வெங்காயத் தாளிலும் படும். மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவே டப்பாவில் போட்டிருக்கிற நாள் இடைவெளி, சாப்பிடப் போகும் வெங்காயத்துக்கும் சேர்த்துத்தான். அந்த மருந்து வெங்காயத்துக்கு அனுமதி உள்ளதுதானா என்பதையும் அதே டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.